படித்துறையைக் கெடுக்காமல் ஆடிப்பெருக்கும் அமாவாசையும் துலா முழுக்கும் நடத்துவது எப்படி

“ஆத்துல விட்டா அடிச்சிக்கிட்டுப் போயிடும்.” காவிரி டெல்டாவில் எந்தப் படித்துறையில் நின்றாலும் காதில் விழும் பேச்சு இது. கல்லணைக்குக் கீழே இது உண்மையில்லை. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. பெருவெள்ளம் வந்தால் முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அதனால் புரட்டிப்போட்டுக் கழுவிவிடும் வெள்ளம் காவிரிக்கோ குடமுருட்டிக்கோ அரசலாற்றுக்கோ வருவது அபூர்வம். அங்கே ஓடுவது அளந்து விடும் பாசனத் தண்ணீர். வழியெங்கும் ரெகுலேட்டர் என்னும் மதகுகள், முறை வைத்து ஷட்டரை ஏற்றி இறக்குவார்கள். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஜனவரி 28-ல் மூடினால், மீதி நாலரை மாதம் ஆற்றில் மணலும் குட்டையும்தான்.

ஆக, திருவையாற்றில் விட்ட புடவை கடலுக்குப் போவதில்லை. அடுத்த ரெகுலேட்டரின் ஷட்டரில் சுற்றிக்கொள்ளும், இல்லையென்றால் கிளை வாய்க்காலில் திரும்பி யாரோ ஒருவருடைய நாற்றங்கால் மடையை அடைக்கும். திருப்பூர், கரூர் சாயக்கழிவையும் ஊர்ச் சாக்கடையையும் விட்டுவிட்டு பக்தர்களை மட்டும் குறை சொல்வதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சாயப்பட்டறைக்கு வழக்கு வேண்டும், வாரியம் வேண்டும், வருஷக்கணக்கில் காலம் வேண்டும். படித்துறையை ஊர்க்காரர்களே ஒரு விழாவுக்குள் சரிசெய்துவிடலாம். இந்தக் குறிப்பு அதற்குத்தான். விழாக் குழு, ஊராட்சி, கோயில், தெரு இளைஞர்கள் என்று யார் பொறுப்பெடுத்தாலும் பொருந்தும்.

எல்லா முடிவுக்கும் ஒரே கேள்வி போதும்: இதைத் தண்ணீரில் விட்டால் சாயங்காலத்துக்குள் மீன் தின்றுவிடுமா? ஆம் என்றால், கொஞ்சமாக இருந்தால், விடலாம். இல்லையென்றால் கரையிலேயே நிறுத்த வேண்டும்.

துறையைப் பார்ப்பது: பதினைந்து நாள் முன்

காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் போங்கள். வீடுகளில் தண்ணீர் புழங்கும் நேரம் அது. சாக்கடை வாய்கள் அப்போதுதான் பேசும். துறைக்கு மேலே 200 மீட்டர், கீழே 200 மீட்டர் கரையோடு நடந்து மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: சாக்கடை விழும் இடம், தண்ணீர் சுழன்று தேங்கும் இடம், மணல் அள்ளிய குழி.

சாக்கடைத் தண்ணீர் நுரைத்துச் சாம்பல் நிறமாக வந்தால் குளியல், துவைப்புத் தண்ணீர். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் எங்கோ செப்டிக் டேங்க் வழிகிறது. இரண்டாவதுதான் அவசரம். விழாவுக்காகக் குழாய் வாயை மண் மூட்டை போட்டு அடைப்பது பலர் செய்யும் வேலை. இரண்டு நாள் தேங்கியது விழா அன்று காலை உடைத்துக்கொண்டு மொத்தமாக வரும். அடைக்காதீர்கள். ஓரமாக மூட்டை அடுக்கி, துறைக்குக் கீழே போய் விழும்படி திருப்பிவிடுங்கள். அது அந்த வாரத்துக்கான ஏற்பாடு மட்டுமே. அழுக்கு கீழ்த்துறைக்காரர்களுக்குப் போகிறது என்பதை மறக்கக்கூடாது. நிலையான தீர்வுக்குத் தேதி தெரியும்படி படம் எடுத்து நகராட்சி அல்லது ஊராட்சிக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டருக்கும் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கிராமமாக இருந்தால் கிராமசபைத் தீர்மானம் வலுவானது. ஆடிப்பெருக்குக்கு மே 1 கிராமசபை, ஐப்பசியில் வரும் துலா முழுக்குக்கு ஆகஸ்ட் 15 கிராமசபை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வாரத்தில் ஷட்டரைக் கவனிக்கும் நீர்வளத் துறை ஊழியரான லஸ்கரைப் பார்த்துவிடுங்கள். மேல் ரெகுலேட்டரில் எந்த நாள் ஏற்றுவார்கள், எப்போது இறக்குவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். இரவில் ஏற்றினால் மறுநாள் காலை இரண்டு படி மூழ்கியிருக்கும். கூடை, கயிறு எல்லாம் இடம் மாற்ற வேண்டும். இறக்கினால் தண்ணீர் வடிந்து, விட்டதெல்லாம் படியிலேயே ஒட்டிக்கிடக்கும். துப்புரவு வேலைக்கு இந்த வடிநேரம்தான் நல்லது.

மணல் குழியைக் கண்டால் இரண்டு மூங்கிலை நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள்.

தண்ணீரைச் சோதிப்பது

குளிக்கத் தகுந்த தண்ணீருக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அளவு இது: பிஎச் 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், பிஓடி (அழுக்கைச் சிதைக்கக் கிருமிகள் இழுக்கும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழ், மலக் கோலிபார்ம் (மலத்திலிருந்து வரும் கிருமி) 100 மில்லியில் 500 இருந்தால் நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது.

ஊராட்சிகளில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து, கறுத்துவிட்டது என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. அது குடிநீருக்கான சோதனை. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால் மலக் கிருமி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. ஓடும் ஆற்றுத் தண்ணீர் ஏறக்குறைய எப்போதும் கறுக்கத்தான் செய்யும். அந்த பாட்டிலைத் துறைக்குப் பக்கத்திலுள்ள அடிபம்பு, கிணறு, அன்னதான அண்டா ஆகியவற்றுக்குப் பயன்படுத்துங்கள்.

ஆற்றுக்கு இரண்டு சோதனை போதும். முதலாவது, கரைந்த ஆக்சிஜன். கல்லூரி வேதியியல் துறையிலோ விற்பனையில் கிடைக்கும் கிட்டிலோ செய்யலாம். விடிவதற்கு முன் எடுக்க வேண்டும். மதியம் எடுத்தால் பாசி வெயிலில் விட்ட ஆக்சிஜனையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றும். 30 டிகிரித் தண்ணீரில் இயல்பாகக் கரையக்கூடியது 7.5 மில்லிகிராம் அளவுதான். மதியம் 10 காட்டினால் தண்ணீர் சுத்தம் என்று பொருள் இல்லை, சாக்கடைச் சத்தில் பாசி கொழுத்திருக்கிறது. அதே இடத்தில் விடியற்காலை 3 காட்டும்.

இரண்டாவது, ஆய்வகத்தில் பிஓடியும் கோலிபார்மும். மாதிரிக்கான கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். பிஸ்லெரி பாட்டில் ஆகாது. துறை ஓரத்தில் மொள்ளாமல், இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய், பாட்டில் வாயை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, ஒரு அடி ஆழத்தில் திறந்து மூடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்த்தால் நல்லது. ஒரு நாள் தாண்டினால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. பிஓடி பார்க்க நம் ஆய்வகங்களில் 27 டிகிரியில் மூன்று நாள் வைப்பார்கள். ஆகவே விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்தால்தான் முடிவு கைக்கு வந்து ஏதாவது செய்ய முடியும்.

முடிவு எப்படி இருந்தாலும் ஆற்றுத் தண்ணீரை அப்படியே தீர்த்தமாகக் குடிக்கக் கொடுக்காதீர்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் துளசியும் பச்சைக்கற்பூரமும் போட்டுக் கொடுங்கள்.

தட்டில் என்ன இருக்கிறது

ஆடி 18 அன்று ஒரு குடும்பம் கொண்டுவரும் தட்டைப் பிரித்துப் பார்த்தால் வேலை எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும். காப்பரிசி, பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, காதோலை கருகமணி, வளையல், மஞ்சள் கயிறு, விளக்கு, கற்பூரம், சித்ரான்னம். இவற்றில் பாதி ஆற்றுக்குப் பாரமே இல்லை. தொல்லை மீதிப் பாதியிலும், எல்லாவற்றையும் சுற்றிவரும் உறையிலும் இருக்கிறது.

பூவில் ஆபத்து நூல்தான். வாழை நாரில் கட்டிய சரம் ஓரிரு வாரத்தில் மக்கும். பாலியெஸ்டர் நூலில் கட்டினால் பூ மட்டும் அழுகிப்போய் நூல் மிஞ்சும். நீர்க்கோழியின் கால், தூண்டில், பம்புசெட் விசிறி என்று எதிலாவது சுற்றும். ஜிகினா வைத்த மாலை இன்னும் மோசம். துறை வாசலில் பூக்கட்டுகிறவர்களிடம் முன்கூட்டியே நார்ச் சரத்துக்குச் சொல்லிவையுங்கள். நார் கிடைக்கவில்லை என்பார்கள். வாழைத்தார் வெட்டிய கொல்லையில் மட்டையை வாங்கி உலர்த்திக் கிழித்துக் குழுவே கொடுத்தால் அந்தப் பேச்சு முடிந்தது.

மஞ்சள் கயிற்றில் பருத்தியும் இருக்கிறது, நைலானும் இருக்கிறது. பார்த்தால் தெரியாது. ஒரு நுனியைத் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிரும். நைலான் சுருங்கி, உருகி, ஆறியதும் நுனியில் கடுகு போல் கெட்டியாக ஒரு உருண்டை நிற்கும். கடைக்காரர் எதிரிலேயே இதைச் செய்து காட்டினால் அடுத்த வருஷச் சரக்கு மாறும். பழைய தாலிக் கயிற்றை ஆற்றில் விடுவதுதான் வழக்கம் என்பவர்களுக்கு, அதைத் தண்ணீரில் நனைத்து, மண் நிரப்பிய பானையில் போடச் சொல்லுங்கள். குண்டு, காசு, ஊக்கு எல்லாம் கழற்றியாயிற்றா என்று ஒருமுறை கேட்பது நல்லது. பிறகு அந்தப் பானை மண்ணை அரசமரத்தடியில் புதைத்துவிடலாம்.

காதோலை கருகமணி இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். உண்மையான பனையோலைச் சுருள் கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வைத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கே எடுத்துப்போவது மேல். கண்ணாடி வளையலைத் தண்ணீரில் போடவே கூடாது. மணலில் அது தெரியாது. அடுத்து இறங்கும் குழந்தையின் பாதம்தான் கண்டுபிடிக்கும். அம்மனுக்கு வைத்த வளையலை அங்கேயே சுமங்கலிகளுக்குக் கொடுத்துவிட்டால் பலனும் ஆயிற்று, ஆபத்தும் இல்லை.

விளக்கு மிதக்கவிட வாழை மட்டையோ தொன்னையோ போதும். மட்டையை ஒரு சாண் நீளம் வெட்டி, குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி வைத்து நடுவில் அகலுக்குப் பதில் வெற்றிலையில் ஒரு கற்பூரம். அகல் வைத்தால் கவிழ்ந்து எண்ணெய் கொட்டும். ஒரு கரண்டி எண்ணெய் தண்ணீரில் எவ்வளவு தூரம் படலமாகப் பரவும் என்பதை வெயில் பட்டால் கண்ணாலேயே பார்க்கலாம். தெர்மோகோல் தட்டு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் ஒன்று. பாலித்தீன் பையும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் டம்ளரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கடைக்காரரிடம் சண்டை போடாமல் பட்டியலைக் கையில் கொடுத்தால் போதும்.

சித்ரான்னத்தை ஆற்றுக்குப் படைக்கும்போது ஒரு கைப்பிடி போதும். ஆடியில் காவிரி மசக்கைக்காரி, அவளுக்கு வாய்க்கு ருசியாக ஊட்டுவதுதான் ஐதீகம், வயிறு வெடிக்கக் கொடுப்பது யாருக்கும் நல்லதில்லை. முளைப்பாரியைத் தண்ணீரில் ஒருமுறை முக்கியெடுத்து மாட்டுக்குக் கொடுங்கள். சட்டியையும் மண்ணையும் தண்ணீரில் தள்ள வேண்டாம்.

கூடையும் மிதவையும்

“குப்பைத் தொட்டி” என்று எழுதிய பச்சைத் தொட்டியில் யாரும் சாமிக்கு வைத்த பூவைப் போட மாட்டார்கள். போடக்கூடாது என்றுதான் நினைப்பார்கள், அந்த நினைப்பில் தப்பும் இல்லை. பெரிய மூங்கில் கூடைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, “காவிரியம்மன் பூக்கூடை” என்று எழுதி, தண்ணீரைத் தொடும் படிக்கு ஒரு படி மேலே வையுங்கள். வாசலில் வைத்தால் பயனில்லை; கையில் இருப்பதை விடும் இடத்தில்தான் கூடை இருக்க வேண்டும். பூவை முதலில் ஆற்றுத் தண்ணீரில் நனைத்து, பிறகு கூடையில் இடச் சொல்லுங்கள். நதிக்குச் சமர்ப்பித்தது ஆயிற்று, மனசும் அடங்கிவிடும்.

ஆயிரம் பேர் வரும் துறைக்குப் பூவுக்கு 6 கூடை, சோறும் பழமும் போட மூடியோடு 2 வாளி, துணிக்கு 2 சாக்கு, பிளாஸ்டிக்குக்கு 4 சாக்கு, கண்ணாடிக்கு ஒரு தகர டின் என்று வைத்தால் சமாளிக்கலாம். பூக்கூடை முக்கால் நிறைந்ததும் மாற்றிவிடுங்கள். வழியும் கூடையைப் பார்த்தால் அடுத்தவர் மறுபடி ஆற்றில்தான் விடுவார். கூடைக்குப் பக்கத்தில் விசில் ஊதும் பையன்களை நிறுத்தாமல், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த வயதான பெண்களை உட்கார வையுங்கள். “இங்க குடும்மா” என்று அவர்கள் கை நீட்டினால் மறுப்பவர் யாரும் இல்லை.

அதையும் மீறித் தண்ணீரில் போவதைப் பிடிக்க மிதவை வேண்டும். 15 அடி மூங்கில் இரண்டு மூன்றை முனையோடு முனை கட்டி, மூடிய காலி கேன்களை மிதப்புக்கு இணைத்து, ஒரு அங்குலக் கண்ணுள்ள பழைய மீன்வலையை ஒரு அடி ஆழத்துக்குத் தொங்கவிடுங்கள். அதற்குக் கீழே மீன் போய்வர வழி இருக்க வேண்டும். குளிக்கிற இடத்துக்கு 30 மீட்டர் கீழே, ஓட்டத்துக்குக் குறுக்காகக் கட்டாமல் சாய்வாகக் கட்டுங்கள்: ஒரு முனை கரையில், மறு முனை கீழ்நோக்கி நடு ஆற்றில் இருந்தால் பூ நடுவாற்றுக்குப் போய்விடும், ஆகவே ஆற்றுப் பக்க முனை மேலேயும், கரைப் பக்க முனை கீழேயும் இருக்க வேண்டும். அப்போது மிதப்பதெல்லாம் மூங்கிலோடு வழுக்கிக் கரைக்கே வந்து சேரும். நேர்குறுக்காகக் கட்டினால் பாரம் நடுவில் தொங்கி வலை கிழியும். அரை மணிக்கு ஒருமுறை அள்ள வேண்டும். ஊறிய பூ கனத்து வலைக்கு அடியில் போய்விடும். ஓட்டம் வேகமாக இருந்தால் குப்பை மூங்கிலுக்குக் கீழே முங்கித் தப்பும், அப்போது பத்து மீட்டர் தள்ளி இன்னொன்று கட்டுங்கள். நீர்வளத் துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் அவிழ்த்துவிட வேண்டும். இருட்டில் நீந்துகிறவர் வலையில் மாட்டினால் கதை வேறு.

தர்ப்பணம், பிண்டம், அஸ்தி, துணி

தர்ப்பணத்தின் எள்ளும் தண்ணீரும் ஆற்றைக் கெடுக்காது. கெடுப்பது “தர்ப்பண செட்” வரும் பிளாஸ்டிக் உறையும், அதற்குள் எள்ளுக்கு ஒரு சின்ன உறை, கற்பூரத்துக்கு ஒன்று, விபூதிக்கு ஒன்று என்று இருக்கும் குட்டி உறைகளும். தர்ப்பணம் செய்துவைக்கும் வாத்தியார்களிடம் பேசி, எள்ளையும் அரிசியையும் மொத்தமாக வாங்கிப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, அங்கேயே கையில் அள்ளிப் போடும்படி செய்துவிட்டால் ஒரு அமாவாசைக்கு மூட்டைக் கணக்கில் குறையும்.

வாத்தியார்களைச் சேர்த்துக்கொள்ளாமல் எதுவும் நடக்காது; அவர்கள் சொன்னால் மறுபேச்சில்லை. அவர்களிடம் சாஸ்திரத்தை வைத்தே பேசலாம். தண்ணீரில் மலஜலம் கழிக்காதே, உமிழாதே என்று தைத்திரீய ஆரண்யகத்தின் அருணப் பிரச்னம் நேராகவே சொல்கிறது. பிண்டத்தைப் பசுவுக்கோ, அந்தணருக்கோ, ஆட்டுக்கோ கொடுக்கலாம், தீயிலோ நீரிலோ இடலாம் என்று மநு ஸ்மிருதி ஐந்து வழி காட்டுகிறது. தண்ணீர் கடைசியாகத்தான் வருகிறது. ஒரு பிண்டத்தை மீன் தின்றுவிடும். ஆடி அமாவாசைக்கு நூற்றுக்கணக்கில் விழும்போது தின்னாது. அடியில் படிந்து புளித்து ஆக்சிஜனை இழுக்கும், மறுநாள் சின்ன மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். மாட்டுக்குக் கொடுப்பதிலும் அளவு உண்டு: வேகவைத்த சோற்றை ஒரே மாட்டுக்குக் கூடை கூடையாகப் போட்டால் வயிறு உப்பிப் படுத்துவிடும். பல மாடுகளுக்குப் பிரித்து, வைக்கோலோடு கலந்து கொடுக்க வேண்டும்.

அஸ்தி கரைக்கும்போது சாம்பலும் எலும்பும் மட்டும் தண்ணீருக்கு. பானையை உடைத்துப் போடுவதால் ஓட்டுச் சில்லு காலைக் கிழிக்கிறது. கட்டிய துணியும் பையும் மிதக்கின்றன. இதற்குக் குளிக்கும் துறைக்குக் கீழே தனி இடம் குறித்துப் பலகை வையுங்கள்.

உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் தோஷம் போகும் என்று யாரோ சொல்லிப் பழகியதால் படித்துறைகளில் இன்று அதிகம் அள்ளுவது துணிதான். பாலியெஸ்டர் புடவை தண்ணீரில் மக்காது. மணலில் பாதி புதைந்து, பாசி படிந்து, காலைப் பிடித்து இழுக்கும் கயிறாக நிற்கும். ஈரத்துணியைச் சாக்கில் போடச் சொல்லுங்கள். விட்டுத்தான் ஆக வேண்டும் என்பவரிடம், புது வேட்டி ஒன்றைத் தானமாகக் கொடுக்கும் வழியை வாத்தியார் வாயால் சொல்லவையுங்கள். சேர்ந்த துணியைத் துவைத்து உலர்த்தினால் மெக்கானிக் பட்டறைகள் துடைப்புத் துணியாக எடைக்கு வாங்கும். அந்தப் பணம் துப்புரவுக் கூலிக்கு உதவும்.

சோப்பும் கழிப்பறையும்

ஷாம்பு பாக்கெட்டை எல்லோரும் பார்க்கிறார்கள், பல்லால் கடித்துத் துப்பிய அதன் மூலைத் துண்டை யாரும் பார்ப்பதில்லை. படி இடுக்கில் விரல் நகத்தளவுக்கு நூறு நூறாகக் கிடக்கும். துடைப்பத்துக்கும் வராது, மீன் இரையென்று விழுங்கும். தடைப் பட்டியலின் 14 பொருள்களில் ஷாம்பு பாக்கெட்டின் பெயர் இல்லை. ஆகவே துறைக் கடைகளில் விழா நாளில் அதை விற்காமல் இருக்கச் சம்மதம் வாங்குவதுதான் வழி. சீயக்காயை அளந்து காகிதப் பொட்டலத்தில் விற்கட்டும், லாபமும் குறையாது.

சோப்புப் போட்டே குளிப்பேன் என்பவர்களுக்குக் கரைக்கு மேலே, ஆற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, நாலு குழாயும் ஒரு உறிஞ்சுகுழியும் அமையுங்கள். மூன்றரை அடிக்கு மூன்றரை அடி, ஐந்தடி ஆழம். அடியில் பெரிய செங்கல் உடைசல், மேலே சின்னது, அதற்கும் மேலே ஒரு சாண் மணல். திருச்சி, தஞ்சைப் பக்கத்து மணற்பாங்கில் இது நன்றாக இழுக்கும். கடைமடைக் களிமண்ணில் ஒரே நாளில் நிறைந்து வழியும். அங்கே குழிக்குப் பதில் பாத்தி கட்டி வாழை, கல்வாழை வைத்து அதில் விடுங்கள்.

கழிப்பறை ஆற்றிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும், பெண்களுக்கு இரண்டு மடங்கு. இல்லாவிட்டால் தோப்பும் கரையும்தான் கழிப்பறை. மழை ஒன்று பெய்தால் அத்தனையும் ஆற்றில். விழா முடிந்து டேங்க் லாரி உறிஞ்சிக்கொண்டு போனதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். அந்த லாரி இருட்டில் அடுத்த வாய்க்காலில் திறந்துவிட்டால் செய்ததெல்லாம் வீண். சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கிய சீட்டைக் காட்டினால்தான் பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எந்த நிலையிலும் ஆளை டேங்குக்குள் இறக்கக்கூடாது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

பூவை உரமாக்குவது

பூக்கூடையில் வந்ததைத் தார்ப்பாயில் கொட்டி நூல், ஜிகினா, ஊதுபத்திக் குச்சி, எலுமிச்சை, தேங்காய் மட்டை எல்லாவற்றையும் அன்றே பிரியுங்கள். மறுநாள் ஊறி நாறியபின் யாரும் கை வைக்க மாட்டார்கள். மாலை நறுக்கப் பழைய கத்தரி நாலு போதும்.

டெல்டாவில் ஐப்பசியில் குழி வெட்டினால் ஊற்றுத் தண்ணீர் நிற்கும். மேட்டில் குவியலாகப் போடுங்கள்: நாலடி அகலம், மூன்றடி உயரம், நீளம் எவ்வளவும் ஆகலாம். ஒரு சாண் பூ, நாலு விரல் கனம் வைக்கோல் அல்லது சருகு, அதன்மேல் 10 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ சாணம் கரைத்த கரைசல், இப்படி மாற்றி மாற்றி அடுக்கி, மேலே ஒரு அங்குலம் மண் போட்டுக் கீற்றால் மூடவும். மூன்றாம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி எடுத்தால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். சூடு இல்லையென்றால் குவியல் சின்னது, அல்லது காய்ந்துவிட்டது. அம்மோனியா நெடி அடித்தால் வைக்கோல் போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் என்றால் தண்ணீர் அதிகம், உடனே கிளறுங்கள். ஒரு கைப்பிடியை இறுக்கினால் இரண்டொரு சொட்டு கசிவது சரியான ஈரம். பத்து நாளைக்கு ஒருமுறை கிளறினால் இரண்டு மாதத்தில் உரம். மண்புழுவை முதல் நாளே விடாதீர்கள், சூட்டில் செத்துவிடும். இருபது நாள் கழித்து விடலாம். உப்பும் எண்ணெயும் உள்ள சோற்றைக் குவியலில் கலந்தால் எலியும் பெருச்சாளியும் வரும்.

மறுநாள்

தண்ணீர் வடிந்த நேரத்தில் மேலிருந்து கீழாக அள்ளிக்கொண்டு வாருங்கள். முழங்கால் வரை பூட்ஸ், ரப்பர் கையுறை, கொக்கி கட்டிய மூங்கில் கழி, கண்ணாடி பொறுக்க இடுக்கி. காலில் புண் உள்ளவர்கள் தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக எளிதில் ஏறும். வேலை முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கினேன் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்ல வேண்டும்.

வெங்காயத்தாமரை அடைத்திருந்தால் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மேலே கிளப்பினால் எல்லாம் கீழே வந்து இறுகிவிடும். வேரோடு கரையேற்றி, மழைத்தண்ணீர் மறுபடி ஆற்றுக்கு அடிக்காத தூரத்தில் உலரவிடுங்கள். படியோரம் குவித்தால் பத்தே நாளில் திரும்ப இறங்கிவிடும். பூக்கும் முன் எடுப்பது புத்திசாலித்தனம், விதை சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அடியில் பாம்பு இருக்கும் என்பதால் முதலில் கழியால் தட்டிவிட்டு இழுக்கவும். கரையில் நிற்கும் நெய்வேலி காட்டாமணக்கை வெட்டினால் அது கொண்டாட்டமாகத் தழையும், வெட்டிப் போட்ட துண்டும் ஈரத்தில் வேர் விடும். பங்குனி, சித்திரையில் ஆறு காய்ந்திருக்கும்போது வேரோடு தோண்டி உலர்த்துவதே வழி.

அள்ளியதைப் பூ, துணி, பிளாஸ்டிக், கண்ணாடி என்று தனித்தனியாக எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த கிராமசபையில் எடுபடுவது அந்த நோட்டுதான். எந்த வகை குறையவில்லையோ, அந்த வகைக் கடைக்காரரிடமோ வாத்தியாரிடமோ அடுத்த பேச்சு.

மயிலாடுதுறை துலாக் கட்டத்தைப் போல ஐப்பசி முழுவதும் முழுக்கு நடக்கும் துறைகளில், கடைசி நாள் கடைமுழுக்கோடு கூடையையும் மிதவையையும் எடுத்துவிடுகிறார்கள். கார்த்திகை 1-ம் தேதி முடவன் முழுக்குக்கும் கூட்டம் வரும். அன்று இரவு வரை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கட்டும்.